மாப்பிள்ளைக்கு ஆசை விட்டுப்போச்சு என்றார்கள்

பதினொரு பேர் ஓடினார்கள். மாப்பிள்ளை ஒன்பதாவது. அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவனுக்குச் செயின் அறுந்துவிட்டது. மற்றவன் முதல் திருப்பத்தில் விழுந்து, எழுந்து, ஹேண்டில் கோணலோடு வந்து சேர்ந்தான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் புருசன். எங்களுடையது பெல்மதுளைக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டம். அவர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் பெக்டரியில் எஞ்சின் பார்த்தேன். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அதற்கு மேல் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ரேஸ் வண்டி எங்களுடையது இல்லை. சந்தியில் மோட்டார் பாட்ஸ் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியுடையது. நூற்றி இருபத்தைந்து சி.சி. மோட்டார் சைக்கிள், டூ ஸ்ட்ரோக். மண்ணில் ஓடுவதற்கென்றே செய்தது. அவர் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறினால் வண்டி தாங்காது என்று அவரே சொல்வார். டேங்கில் கடைப் பேர் எழுதியிருக்கும். அந்தப் பேர் முன்னால் போகவேண்டும், அவ்வளவுதான் அவர் விருப்பம். ஓட்டுவது மாப்பிள்ளை. கழற்றிப் பூட்டுவது நான். வண்டி நின்றது நான் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பில். கிழமையில் ஆறு நாள் நான் பெக்டரி எஞ்சினுக்கு ஆள். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்கு ஆள்.

முன்பு மாப்பிள்ளை இரண்டு தரம் முதலாவதாக வந்தவர். ஒரு தரம் இரண்டாவது. அதற்குப் பிறகு ஒரு சித்திரை ரேஸில் மண்மேட்டில் இருந்து இறங்கும்போது விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்தார்கள். எட்டு மாதம் படுக்கை. பிறகு கம்பு. பிறகு புல்லு வெட்டு. அதற்குப் பிறகுதான் பால் வெட்டுக்குத் திரும்பினார். மூன்று வருசம் வண்டிப் பக்கம் வரவில்லை. வண்டிக்கு நான் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

போர் நிறுத்தம் வந்து, ரோட்டில் செக் பொயிண்டுகள் குறைந்த நேரம், மாப்பிள்ளை ஒருநாள் சாய்ப்புக்கு வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓடிப் பாக்கட்டுமா மச்சான்?" என்றார்.

"கால்?"

"இருக்கு."

முதலாளியிடம் சொன்னோம். அவர் சந்தோசப்பட்டார். தங்கச்சி சந்தோசப்படவில்லை.

அந்த ரேஸில்தான் ஒன்பதாவது. எட்டு ரவுண்டு. முதல் இரண்டு ரவுண்டும் மாப்பிள்ளை மூன்றாவதாகப் போனார். மைக்கில் ஆள் சிங்களத்தில் அவர் நம்பரைச் சொல்லிக் கத்தினான். தோட்டத்திலிருந்து லொறியில் வந்த நாற்பது பேரும் வேலிக் கம்பியைப் பிடித்து ஆட்டினார்கள். மூன்றாவது ரவுண்டில் ஒருத்தன் தாண்டினான். நான்காவதில் இரண்டு பேர். பிறகு நாங்கள் எண்ணவில்லை. வேலிக் கம்பி ஆடாமல் நின்றது.

வண்டியை நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்தார்.

"என்ன மாப்ளே?"

"ஒன்னுமில்ல மச்சான்."

லொறியில் ஏறினோம். போகும்போது பாடிக்கொண்டு போனவர்கள் வரும்போது வாழைப்பழ விலையைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் விடியக்காலை பிரட்டுக்களம். வேலைக்குப் பேர் கொடுத்து, யாருக்கு எந்த மலை என்று கங்காணி பிரித்துவிடும் இடம். அங்கே எதைப் பேசினாலும் தோட்டம் முழுக்கப் பேசியமாதிரி.

"பிரேக்குல கால வச்சிக்கிட்டே ஓடுனியா?" என்றார் கங்காணி.

"காலுல தகடு இருக்குல்ல, அது கனம்," என்றான் ஒருத்தன்.

"தகடு காலுல இல்லடா. மனசுல."

பால் வெட்டுகிற அக்கா ஒருத்தி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் வாளி நெறயப் பாலோட இத விட வேகமா மலைய விட்டு எறங்குவேன். ஒரு சொட்டு சிந்தாது," என்றாள்.

சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

சங்கத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. துரையிடம் பேசுகிற தோரணையில் கேட்டார். "நாங்க எல்லாம் ஞாயித்துக்கிழமைப் பேர, அந்தச் சம்பளத்த விட்டுட்டு வந்தோம் தம்பி. எறங்கினா ஆசையோட எறங்கணும். ஒனக்கு ஆசை விட்டுப்போச்சா, என்னா? அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அன்று ஆரம்பித்தது இந்தப் பேச்சு. பயம் என்று யாரும் சொல்லவில்லை. பயம் என்றால் மனிதனுக்கு உள்ளதுதான் என்று விட்டிருப்பார்கள். ஆசை இல்லை என்றார்கள். பூசாரி சொன்னார், கடைக்காரர் சொன்னார், கிளாக்கர் ஐயாவும் சொன்னார். ரேஸையே பார்க்காதவர்களும் சொன்னார்கள்.

அந்தக் கிழமையே முதலாளி என்னைக் கடைக்கு வரச்சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தம்பி, காவத்தைப் பக்கம் ஒரு சிங்களப் பொடியன் ஈக்கான். பழைய வண்டி ஒண்ட வச்சிக்கிட்டே அஞ்சாவதா வந்தான், பாத்தீங்கதானே? அவன் வண்டி கேக்கான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஆகஸ்டுல பலாங்கொடையில ரேஸ் ஈக்கி. மாசம் முடிய முன்னுக்கு நான் ஒரு முடிவு சொல்லணும். ஒங்கட மாப்பிள்ளைக்கு ஆசை ஈக்கா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஈக்குன்னா வண்டி அவருக்குத்தான். ஆசை இல்லாத மனுசனுக்கு நான் எப்படி வண்டி குடுக்க?"

"நீங்களே கேக்கலாமே முதலாளி."

"நான் கேட்டா ஈக்குன்னுதான் சொல்வாரு. எனக்காக."

அவர் சொன்னது சரி. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பொடியனுக்குச் சொந்தமாக ஒரு மெக்கானிக் இருந்தார். வண்டி அங்கே போனால் என் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போகும். அதனால் ஆசை இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லவேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

மறுநாள் அவர் வெட்டுகிற மலைக்குப் போனேன். வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை இழுத்துப் போடுவார், கத்தியை வைப்பார், பட்டை சீவி விழும், பால் இறங்கும், சிரட்டையை நிமிர்த்துவார், அடுத்த மரம். நானும் பின்னாலேயே போனேன். முப்பது மரம் இருக்கும்.

"என்ன மச்சான், பெக்டரி லீவா?" என்று அவரே கேட்டார்.

"முதலாளி கேக்கச் சொன்னாரு."

"என்னான்னு?"

"ஆசை இருக்கான்னு."

இன்னும் இரண்டு மரம் வெட்டினார்.

"அதான் எனக்கும் தெரியல," என்றார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"மூணாவது ரவுண்டுல மேட்டுல ஏறுறேன். வண்டி வரல. கைய முழுசா முறுக்கித்தான் வச்சிருந்தேன்னு நெனைக்கிறேன். ஆனா முழுசா முறுக்கியிருந்தா அவனுங்க எப்பிடி என்னயத் தாண்டுவானுங்க? அப்ப நான் முறுக்கல. முறுக்குறதா நெனச்சிக்கிட்டு இருந்திருக்கேன். மூணு வருசமா படுத்தா எழுந்தா இதே நெனப்பு மச்சான். அங்க போய் நின்னா உள்ளுக்கு ஒன்னுமே இல்ல. எல்லாரும் சொல்றது சரிதான். ஆசை இல்லன்னு சொல்லிருங்க."

"நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"யோசிக்கிறதுக்கும் ஆசை வேணும்ல," என்றார். கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

தங்கச்சியிடம் சொன்னேன். "அவரே சொன்னாரா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு இன்னொரு ரொட்டி வைத்தாள். சம்பலும் கூட.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதென்றால் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றினேன். கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரல் மூன்று பருமனில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகிற வழி. அதைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வெளிச்சம் பாதிதான் தெரிந்தது.

உள்ளே தோல் மாதிரி ஒன்று உரிந்து தொங்கியது. இழுத்தேன். நீண்டுகொண்டு வந்தது. ரப்பர் பால்.

ரேஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தக் குழாயில் வெடிப்பு ஒன்று பார்த்திருந்தேன். மூன்று வருசம் சும்மா கிடந்ததில் வந்த வெடிப்பு. புதுசு கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்கு நாள் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஓட்டை என்று எதைக் கண்டாலும் கை பாலுக்குத்தான் போகும். வாளி ஓட்டை, பந்து ஓட்டை, தகரம் ஓட்டை, சப்பாத்து ஓட்டை, எல்லாவற்றுக்கும் பால்தான். பிள்ளைகளின் கால் வெடிப்புக்குக்கூடத் தடவுவோம். நானும் உள்ளேயும் வெளியேயும் மூன்று தரம் பூசி, பெக்டரி புகை அறையில் ரப்பர் ஷீட்டுகளோடு தொங்கவிட்டு, காயவைத்துப் பூட்டினேன். சனிக்கிழமை கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் போனது.

பெட்ரோல் பட்டால் அந்தப் பால் ஊதும். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. பெக்டரியில் பெட்ரோல் சிந்தின ஷீட் எப்படித் தடிக்கும் என்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தெரிந்ததும் தெரியாததும் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

ஒரு துண்டைக் கிள்ளி, போத்தல் மூடியில் பெட்ரோல் ஊற்றிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்கானது. மூன்றாவது ரவுண்டுக்கு ஆன நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூடியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். அவளும் பதினைந்து வருசம் பால் வெட்டினவள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இத எங்கயாவது வீசிருங்கண்ணே," என்றாள்.

"அவருக்குச் சொல்லணும்ல."

"எதுக்கு? அவரே வேணான்னுட்டாரு."

"அது இதால."

"எதாலயோ. எட்டு மாசம் நான் அள்ளிக் கொட்டுனேன் அண்ணே. நீங்க ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தோடம்பழம் கொண்டாந்தீங்க. சொன்னா மறுபடி ஏறுவாரு. இன்னொரு கால்தான் மிச்சம்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குழாயைக் கடதாசியில் சுற்றி வைத்தேன். சொன்னால், அதைக் கெடுத்தது யார் என்பதும் வெளியே வரும். அதையும் நினைத்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதலாளியிடம் போகாமல் நாளைக் கடத்தினேன்.

பிரட்டுக்களத்தில் அவர்கள் விடவில்லை. "உனக்கு ஆசை இருக்கிற மலையாப் பாத்துப் போடட்டுமா?" என்று கங்காணி கேட்பார். ஒவ்வொரு நாளும் அதே சிரிப்பு. அதையெல்லாம் மாப்பிள்ளை தாங்கினார். ஆனால் அவர்கள் சொன்னதை அவர் நம்பிவிட்டார். அதுதான் சிக்கல். கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்கிறவர்களில் அவர் முன் வரிசை ஆள். அந்த வருசம் கேட்டு வந்தவர்களிடம், "எனக்கு அதுல எல்லாம் ஆசை இல்லங்க, வேற ஆளப் பாருங்க," என்றார். மகளுக்குக் காது குத்த நாள் பார்க்கட்டுமா என்று தங்கச்சி கேட்டதற்கு, "உன் இஷ்டம்," என்றார். ஒருநாள் கறிக்கு என்ன வைக்க என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னாராம். ஒரு ரேஸில் ஆசை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப அமைதியாயிட்டாரு," என்றாள் தங்கச்சி. முதலில் அதை நல்லதாகச் சொன்னாள். பத்து நாள் கழித்துச் சொன்னபோது அப்படிச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை விடியும்போதே மழை. மழை பெய்தால் வெட்டு இல்லை. கடதாசிப் பொட்டலத்தோடு அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குப் போனேன். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கச்சி குசினியில், அடுப்புக்கு முன்னால். பொட்டலத்தை அவர் முன்னால் பிரித்து வைத்தேன்.

எடுத்து மோந்து பார்த்தார்.

"பாலு."

"ம்."

"யாரு, நீங்களா?"

"நான்தான்."

"பெட்ரோல் போற வழியில?"

"ம்."

குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பாதி வழியில் நின்றது. குசினியில் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்தது. யாரும் எடுத்த சத்தம் கேட்கவில்லை.

அவர் திட்டுவார் என்று இருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப நான் முறுக்கித்தான் இருந்திருக்கேன்," என்றார்.

"ஆமா."

"முழுசா."

"முழுசாத்தான்."

குழாயைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். கொஞ்ச நேரம் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சும்மா காற்றில் முறுக்கிப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "பசிக்குது. கருவாடு இருந்தா பொரி," என்றார்.

தங்கச்சி பொரித்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். தட்டு வைத்த சத்தத்தோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

மழை விட்டதும் இரண்டு பேரும் முதலாளி கடைக்குப் போனோம். நான்தான் சொன்னேன். முதலாளி குழாயைக் கையில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரப்பர் பாலா? கார்பரேட்டருக்குள்ளயா? என்ன தம்பி, அது என்ன பிள்ளைக்குச் சூப்பியா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அப்ப அந்த மனுசனத்தான் நாம எல்லாரும் சேந்து ஆசை இல்ல, ஆசை இல்லன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளையிடம், "பலாங்கொட ஓடுறீங்களா?" என்றார்.

"ஓடுறேன்."

"சரி. ஆனா ஒண்டு. வண்டிய இண்டைக்கே இங்க கொண்டு வாங்க. அந்தக் காவத்தப் பொடியன்ட மெக்கானிக் பாஸ் பாக்கட்டும். தம்பி, கோவிக்க வேணாம். நீங்க இனி அதுல கை வைக்கிற இல்ல."

"சரி முதலாளி," என்றேன்.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சாய்ப்பு அன்றைக்கே காலியானது. பிறகு அதில் விறகு போட்டோம்.

ஆகஸ்டில் பலாங்கொடைக்கு பஸ்ஸில் போனேன். தோட்டத்திலிருந்து இந்தத் தரம் ஆறு பேர்தான். லொறி பிடிக்கவில்லை. நான் வேலிக்கு வெளியே, சனத்தோடு சனமாக நின்றேன். வண்டியைக் கிளப்பிய சத்தத்திலேயே தெரிந்தது, வேலை நன்றாகச் செய்திருக்கிறார்கள். நான் பூட்டினாலும் அதைவிட நன்றாக இருந்திருக்காது. இதைச் சொல்ல ஒன்றும் கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கஷ்டம்தான்.

பன்னிரண்டு பேர். மாப்பிள்ளை நான்காவதாகக் கிளம்பினார். வண்டி கத்திக்கொண்டு மேட்டில் ஏறியது. குறை இல்லை. ஆனால் மேட்டிலிருந்து இறங்கிக் கால் ஊன்றித் திரும்புகிற இடத்தில், ஒவ்வொரு ரவுண்டிலும், தகடு வைத்த காலை ஊன்றுவதற்கு ஒரு நொடியில் கால்வாசியில் கால்வாசி நேரம் யோசித்தார். அவர் யோசிக்கவில்லை, கால் யோசித்தது. அந்த இடத்தில்தான் ஒவ்வொருத்தனாகத் தாண்டினான். காவத்தைப் பொடியன் அவனுடைய பழைய வண்டியில், புகையும் சத்தமுமாக, ஐந்தாவது ரவுண்டில் தாண்டினான். மாப்பிள்ளை விடவில்லை. கடைசி ரவுண்டு வரைக்கும் முன்னால் போனவனைத் துரத்திக்கொண்டுதான் வந்தார்.

எட்டாவது.

வேலிக்குள்ளே குனிந்து போனேன். ஹெல்மட்டைக் கழற்றினார். முகம் முழுக்க மண். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்பிடி மாப்ளே?"

"அருமையாப் போச்சு மச்சான். ஒரு இடத்துல நிக்கல. நான்தான் போகல."

முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையே முந்திக்கொண்டு சொன்னார்.

"முதலாளி, வண்டிய அந்தத் தம்பிக்கே குடுங்க."

"யோசிச்சா சொல்றீங்க?"

"கால் பத்தாது. எறங்குற எடத்துல புடிக்க மாட்டேங்குது. இனி புடிக்காது."

"அப்ப ஆசை?"

"ஆசை நெறய இருக்கு. அத ஊத்துனா வண்டி ஓடாதுல்ல."

முதலாளி அவர் தோளில் தட்டினார். அந்தப் பொடியனைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் மாப்பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மாப்பிள்ளை அவனுக்குச் சிங்களத்தில், கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், பார்த்துக்கொள் என்று சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பலாங்கொடையிலிருந்து பெல்மதுளை வரைக்கும் மாப்பிள்ளை பேசிக்கொண்டே வந்தார். எந்த மேட்டில் எந்தக் கியர், எவன் எந்தப் பக்கமாக வந்தான், எங்கே விட்டுப் பிடித்தார் என்று எல்லாம். முன் சீட்டில் இருந்த சிங்கள அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

பொழுது சாயும் நேரம் வந்து சேர்ந்தோம். தங்கச்சி வாசலில் நின்றாள். முதலில் அவர் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"விழுந்தீங்களா?"

"இல்ல."

"எத்தனாவது?"

"எட்டு."

"ஆசை தீந்துச்சா?"

"தீரல," என்றார் மாப்பிள்ளை. "ஆனா வண்டியக் குடுத்துட்டேன்."

எதைச் சந்தோசமாக எடுக்க வேண்டும், எதைக் கவலையாக எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போனாள்.

நான் என் காம்பராவுக்குப் போகத் திரும்பினேன்.

"கை கழுவிட்டு வாங்கண்ணே," என்றாள் உள்ளே இருந்து.